பின்பக்கம் இல்லாத லயம்

எங்கள் லயத்துக் கூரைக்கு இரண்டு பக்கம் உண்டு. முன்பக்கம் நாட்டுக்கு, பின்பக்கம் மழைக்கு. நான் குடியிருப்பது மழைப் பக்கம்.

தோட்டத்தின் பேரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கே எனக்கு அரைப்பேர் விழும். அரைப்பேர் என்றால் முழு நாளும் முறிந்துவிட்டுப் பாதி நாள் சம்பளம் வாங்குகிற வித்தை. நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், பச்சைத் தகரம் பளபளக்கிற, தொழிலாளர் வீடுகள் ஒட்டி நிற்கிற நீளமான லயம் ஒன்று தெரியும். அதுதான் எங்கள் ஏழாம் நம்பர் லயம். அதைப் பார்த்து, 'பரவாயில்லையே, தோட்டத்து ஆளுங்க நல்லாத்தான் இருக்காங்க' என்று உங்களுக்குத் தோன்றினால், தோன்ற வேண்டும் என்றுதான் அது போடப்பட்டிருக்கிறது.

இது இரட்டை லயம். ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர், ரோட்டைப் பார்த்து ஆறு காம்பரா, மலையைப் பார்த்து ஆறு காம்பரா. பின்பக்கம் நாலாவது காம்பராவில் நானும் என் சம்சாரம் மீனம்மாவும். என் பேர் ஆண்டியப்பன். தேயிலை ஆலையான ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற வேலை எனக்கு, மலையில் கொழுந்து எடுக்கிற வேலை அவளுக்கு. ஒரே மகள் லோஜினியை வட்டகொடையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவத்துக்கு எங்களிடம்தான் வருவாள். வைகாசி முடிவதற்குள் பிள்ளை பிறந்துவிடும் என்று மிட்வைஃப் நோனா சொல்லியிருந்தார்.

எங்கள் பக்கத்தில் வைகாசி, ஆனி என்றால் மழை வீட்டுக்கு வெளியே மட்டும் பெய்யாது. காம்பராவுக்குள் ஐந்து இடத்தில் சட்டி வைத்திருக்கிறோம். நனையாத இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது அடுப்பு. பச்சைப்பிள்ளையை அடுப்பின் மேலா படுக்கப்போடுவது? எனக்கு வேண்டியது பன்னிரண்டு தகரம். நாட்டுப் பொருளாதாரத்தில் நான் தலையிட்டது அந்தப் பன்னிரண்டு தகரத்துக்காகத்தான், வேறு எந்தப் பேராசையும் எனக்குக் கிடையாது.

தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில், தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு மரியரட்ணம் ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. நாடு தேறிருச்சு. கொழும்புல இருந்து கடிதம் வந்திருக்கு."

"எப்பங்கையா?" என்றான் முன்பக்கத்துப் பொன்னையா.

"போன வெள்ளிக்கிழமை."

நாடு தேறியது வெள்ளிக்கிழமை என்றால், அதற்கு முந்தின நாள் அங்கர் பால்மா வாங்கிய நாங்கள் அவசரப்பட்டுவிட்டோமே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. கண்டாக்கையா மிச்சத்தையும் வாசித்தார். தேசிய முகத்தோற்ற அதிகார சபை என்று ஒன்று புதிதாக உண்டாக்கியிருக்கிறார்களாம். நாட்டுக்குக் கடன் கொடுத்தவர்கள் பங்குனியில் மலைநாட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறார்களாம். அவர்கள் கண்ணில் படுகிற லயங்களுக்குப் புதுத் தகரம் உண்டாம். எங்கள் தோட்டத்தில் வைத்து அவர்கள் முன்னால் பொருளாதாரம் பற்றி ஒரு பட்டிமன்றமும் நடக்குமாம்.

தகரம் என்ற சொல்லோடு நான் காதை மூடிக்கொண்டேன். அன்றைக்கு ஸ்டோரில் கொழுந்தைக் கிளறும்போது பாட்டுக்கூடப் பாடினேன்.

பத்து நாளில் லொறி வந்தது. முன்பக்கக் கூரையில் பச்சைத் தகரம் ஏறியது. ஆணி அடித்த அடியில் எங்கள் பக்கத்துத் துருத்தகரம் உதிர்ந்து, ஐந்து ஓட்டை ஒன்பது ஓட்டையானது. உச்சி வரைக்கும் வந்த வேலையாட்கள் கையைத் தட்டிவிட்டு இறங்கினார்கள். நான் ஓடிப்போய்க் கேட்டேன். அவர்கள் மேலே கையைக் காட்டினார்கள். மேலே என்றால் ரோட்டில் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்ற, அந்த அதிகார சபையின் பிரதிப் பணிப்பாளர் றிச்சர்ட் சேர். கொழும்புக்காரர், நம்ம பாஷைதான், ஆனால் பேசினால் அரசாங்க வர்த்தமானியை வாசிப்பதுபோல இருக்கும்.

"சேர், பின்பக்கம் எப்ப போடுவீங்க?"

"எந்தப் பின்பக்கம்?"

"இதே லயத்துப் பின்பக்கம்ங்க. ஆறு குடும்பம் இருக்கோம்."

அவர் ஒரு வரைபடத்தை ஜீப்பின் மேல் விரித்தார். ஏழாம் நம்பர் லயம், ஆறு கதவு, ஆறு ஜன்னல், முன்னால் பூச்செடிகூட வரைந்திருந்தது. "இது அங்கீகரிக்கப்பட்ட வரைபடம். வீதியில் நின்று பார்த்து வரையப்பட்டது. இதில் பின்பக்கம் என்று ஒன்று இல்லை."

"நான் அங்கதாங்க குடியிருக்கேன்."

"இருக்கலாம். ஆனால் பதிவில் இல்லை."

முப்பது வருஷமாகக் குடியிருந்த வீட்டை நான் எங்கே கொண்டுபோய்ப் பதிவதென்று விளங்காமல் நின்றேன். என் முகத்தைப் பார்த்து அவருக்கும் மனம் இரங்கியிருக்க வேண்டும். வேண்டுமானால் எழுத்தில் தருகிறேன் என்றார். சொன்னபடியே ஒரு வாரத்தில் சீல் குத்திய கடிதம் வந்தது: 'ஏழாம் இலக்க லயத்திற்குப் பின்பக்கம் இல்லையென்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன். அதன் தொடர்பில் எவ்வித கோரிக்கையும் விசாரணையும் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது.' மீனம்மா அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு பிளாஸ்டிக் பையில் சுற்றி அடுப்புக்கு மேலே செருகி வைத்தாள். எங்கள் வீட்டில் கடிதாசி நனையாத இடமும் அதுதான்.

"வீடே இல்லேன்னு எழுதிக் குடுத்துட்டாய்ங்க. இத எதுக்குடி பத்திரப்படுத்துற?" என்றேன்.

"கவருமெண்டு சீலுங்க. என்னைக்காவது ஒதவும்."

பெற்றீசியா டீச்சர்தான் எனக்கு வழி சொன்னார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிறவர். பதினெட்டு வயதைத் தாண்டிய எல்லோரும் வரி இலக்கம் எடுக்க வேண்டும், அதை எடுத்தால் முகவரியோடு பதிவில் ஏறலாம், பதிவில் ஏறினால் தகரம் கேட்கலாம் என்றார். ஒரு நாள் சம்பளப் பேரை இழந்து ஹட்டன் வரி ஆபிஸுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை, ஒவ்வொரு கேள்வியாக வாசித்துக் கேட்டது. வெளிநாட்டில் சொத்து உண்டா என்றது. எங்கள் பாட்டன் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு குடிசையைப் போட்டுவிட்டு வந்ததாகச் சொல்வார்கள் என்றேன். அந்தப் பிள்ளை கொஞ்சம் யோசித்து, "அத விட்டுருவோம் ஐயா" என்றது. முகவரி கேட்டது. ஏழாம் நம்பர் லயம், பின்பக்கம், நாலாவது காம்பரா என்றேன். மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டது.

வரி இலக்கம் பன்னிரண்டே நாளில் வந்து சேர்ந்தது. கவரில் 'பின்பக்கம்' என்று அச்சடித்திருந்தது. வரிக்கு நான் இருக்கிறேன், தகரத்துக்கு நான் இல்லை. கவரைத் தூக்கிக்கொண்டு றிச்சர்ட் சேரிடம் ஓடினேன்.

"அது வேறு திணைக்களம்" என்றார். பிறகு அந்த இலக்கத்தை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. "வரி இலக்கமுள்ள தோட்டத் தொழிலாளி! உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தோம். பட்டிமன்றத்தில் பேசுங்கள். நன்றாகப் பேசினால் உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்படும்."

பேசுவதற்கு எனக்கு என்ன தெரியும் என்றேன். தெரிய வேண்டியதில்லை, எழுதித் தந்துவிடுவோம் என்றார்.

அதற்குள் இன்னொரு வேலை நடந்தது. மீனம்மாவைக் கொழுந்துக் கூடையோடு நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். அவளுக்கு முன்பல் இரண்டு இல்லை, அதனால் வாயை மூடிக்கொண்டே நின்றாள். ஒரு வாரம் கழித்து, ரோட்டிலிருந்து பார்த்தால் எங்கள் லயத்துக்கு மேலே தெரிகிற மாதிரி, பின்னால் இருக்கிற மலையில் ஒரு பெரிய விளம்பரப் பலகை எழும்பியது. 'நாடு தேறிவிட்டது' என்று மூன்று பாஷையிலும் எழுதி, நடுவில் மீனம்மா வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். "ரெண்டு பல்லும் கட்டியே குடுத்திருக்காங்களே!"

நான் பல்லை எண்ணவில்லை, தகரத்தை எண்ணினேன். பதினாறு தகரம். எங்களுக்கு வேண்டியது பன்னிரண்டு, எங்கள் தலைக்கு மேலே பதினாறு தகரம் நின்று சிரித்தது.

பட்டிமன்றம் பங்குனி இரண்டாம் சனிக்கிழமை, பெரட்டுக் களத்தில். பந்தல், வாழைமரம், குத்துவிளக்கு எல்லாம் உண்டு. வந்து உட்கார்ந்தால் அரைப்பேர், கைதட்டினால் முழுப்பேர் என்று கண்டாக்கையா முதல் நாளே அறிவித்திருந்தார். கைதட்டுக்கு ஒத்திகையும் நடந்தது. வெள்ளைக்காரத் தூதுக்குழுவில் மூன்று பேர், அதில் தலைவி ஒரு நரைத்த நோனா. அவர் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்க பெற்றீசியா டீச்சர்.

தலைப்பை அப்போதுதான் நான் ஒழுங்காக வாசித்தேன். முதலாவது அணி: 'நாடு தேறிவிட்டது.' இரண்டாவது அணி: 'நாடு மிக நன்றாகத் தேறிவிட்டது.' நான் இரண்டாவது அணி. நடுவர் அதிகார சபை.

றிச்சர்ட் சேர் தலைமையுரை ஆற்றினார். "ஒரு நாட்டின் பொருளாதாரம் என்பது அதன் முகம். முகம் நன்றாயிருந்தால் உடம்பைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. சென்ற ஆண்டு மக்கள் மீது புதிய வரிகளை விதித்தோம். மக்கள் முணுமுணுக்கவில்லை. முணுமுணுப்பதற்கான படிவத்தை நாம் இன்னும் அச்சிடவில்லை என்பது ஒருபுறமிருக்க, இதுவே மக்களின் நம்பிக்கைக்குச் சான்று. ஏழைகளின் தொகை குறைந்திருக்கிறது. எவ்வாறு குறைத்தோம்? எண்ணும் இடங்களைக் குறைத்தோம். வீதியிலிருந்து தெரிகிற வீடுகளில் இன்று ஏழைகளே இல்லை!"

சனம் கைதட்டியது. முழுப்பேர் ஆயிற்றே.

முதல் அணிக்காகக் கண்டாக்கையா பேசினார். நாடு தேறிவிட்டது, ஆனால் அளவோடு தேறியிருக்கிறது என்று தைரியமாக வாதாடினார். அடுத்தது நான். கையில் தந்த தாளில் இருந்ததைக் கூட்டி வாசித்தேன். "இவ்வாண்டு நமது நாடு நூற்றுக்கு ஐந்து வளர்ந்துள்ளது. இந்த வளர்ச்சியை என் இல்லத்தில் நான் அன்றாடம் அனுபவிக்கிறேன்." அந்த இடத்தில் ஒன்பது ஓட்டையும் ஞாபகம் வந்து வாசிப்பை நிறுத்தினேன். உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன் என்று வெள்ளைக்கார நோனா தலையை ஆட்டினார்.

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து மீனம்மா எழும்பினாள். சத்தியமாக அவள் எதிர்த்துப் பேச எழும்பவில்லை. அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, அவ்வளவுதான். கொழுந்து எடுக்கிறவளுக்கு எந்த நிறையைச் சொன்னாலும் வருகிற சந்தேகம் அது.

"ஐயா, அந்த அஞ்சு கழிவு போகவுங்களா, கழிக்காமலா?"

றிச்சர்ட் சேருக்கு விளங்கவில்லை. "என்ன கழிவு?"

"நிறுவையில கழிக்கிறதுங்க. நாங்க இருபது கிலோ கொண்டாந்தா சாக்குக்கு ஒண்ணு, தண்ணிக்கு ரெண்டுன்னு கழிச்சிட்டுப் பதினேழுதான போடுறாங்க? வெயில்லயும் தண்ணிக்குன்னு கழிப்பாங்க. நாட்டுக்கு எவ்வளவு கழிச்சீங்க?"

பெற்றீசியா டீச்சர் ஒரு சொல் விடாமல் நோனாவின் காதில் சொல்லிக்கொண்டிருந்தார். நோனா நிமிர்ந்து உட்கார்ந்து, இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும் என்றார்.

றிச்சர்ட் சேர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். "நாட்டின் வளர்ச்சியில் கழிவென்ற பேச்சுக்கே இடமில்லை, அம்மா. உள்ளதை உள்ளபடி, சொல்லப்போனால் சற்றுத் தாராளமாகவே, நாம் கணக்கில் எடுக்கிறோம்."

"அப்ப தண்ணியோடதான் நிறுத்திருக்கீங்க" என்றாள் மீனம்மா. "எங்க கொழுந்துன்னா கழிக்கிறீங்க, ஒங்க கொழுந்துன்னா தண்ணியோட நிறுக்கிறீங்க. இது ஞாயமாங்க?"

யார் முதலில் தட்டியது என்று தெரியவில்லை. பொன்னையாவாகத்தான் இருக்கும். பிறகு பந்தலே கைதட்டியது. ஒத்திகையில் ஒரு நாளும் அப்படித் தட்டியதில்லை. கண்டாக்கையா நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார், தட்டினால் முழுப்பேர் என்று அவரே சொன்னதைச் சனம் அவருக்கு ஞாபகப்படுத்தியது. எனக்கு அந்த நேரத்தில் பெருமையாகவும் இருந்தது, 'பாவி மகளே, என் தகரத்தில மண்ணப் போட்டியே' என்று அவளைத் திட்டவும் தோன்றியது.

நடுவர் தீர்ப்புச் சொன்னார்கள். சபையில் எழுந்த வரலாறு காணாத கரவொலியை முன்னிட்டு, 'நாடு மிக நன்றாகத் தேறிவிட்டது' என்ற அணி வென்றது. எனக்குப் பரிசாக ஒரு குடை. குடையிலும் 'நாடு தேறிவிட்டது' என்று எழுதியிருந்தது.

"சேர், தகரம்?" என்றேன், ஜீப்பில் ஏறப்போனவரிடம்.

"பரிசீலிப்பதாகச் சொன்னேன். பரிசீலித்தாயிற்று" என்று கதவைச் சாத்தினார்.

மீனம்மாவின் கேள்வி வீண்போகவில்லை. தூதுக்குழு எழுதிய அறிக்கையில் எங்கள் தோட்டத்துக்கு இரண்டு வரி ஒதுக்கியிருந்தார்கள். பெற்றீசியா டீச்சர் வாசித்துக் காட்டினார்: 'இம்மக்கள் கழிவுக்கு நீண்டகாலமாகப் பழகியவர்கள். எனவே மேலும் கழிப்பதற்கு இடமுண்டு.' அடுத்த மாதமே எதற்கோ ஒரு வரி கூடியது. எதற்கு என்று நான் கேட்கவில்லை, மீனம்மாவையும் கேட்க விடவில்லை.

லோஜினிக்கு வைகாசி கடைசியில் பெண் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்றைக்கே மழையும் கூடவே வந்தது. ஒன்பது ஓட்டைக்கும் வீட்டில் சட்டி போதவில்லை. கட்டிலை மூன்று பக்கமும் இழுத்துப் பார்த்தோம். கடைசியில் பிள்ளையை அடுப்புப் பக்கம் பலகையில் கிடத்தி, மேலே பரிசுக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஆளுக்கு இரண்டு மணித்தியாலம். பிள்ளை தும்மியது. லோஜினி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பெற்ற பிள்ளைக்கும் அது பெற்ற பிள்ளைக்கும் நனையாத நாலு முழம் தரமுடியாத மனுஷன் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அழுகைதான் வந்தது.

ஐந்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சோறு தின்று முடிந்த நேரம், மலையிலிருந்து ஒரு காற்று இறங்கியது. பின்னால் மடார் என்று ஒரு சத்தம். ஓடிப் பார்த்தால், எங்கள் முட்டைக்கோவாப் பாத்தியில் நாடு குப்புறக் கிடந்தது. பதினாறு தகரமும் சட்டத்தோடு அப்படியே.

பொன்னையா சுத்தியலோடு வந்தான். பக்கத்துக் காம்பரா சின்னராசா ஏணி கொண்டுவந்தான். சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் பன்னிரண்டு தகரம் எங்கள் கூரையில், நாலு தகரம் சின்னராசாவின் கூரையில். ஆணி ஓட்டைகளைத் தாரால் அடைத்தார்கள். எழுத்துப் பக்கம் வெளியே தெரிந்தால் வம்பு என்று உள்பக்கமாகத் திருப்பிப் போட்டோம்.

வியாழக்கிழமை ஜீப் வந்தது. றிச்சர்ட் சேரும், கையில் படிவத்தோடு விசாரணை உத்தியோகத்தர் ஒருவரும். கண்டாக்கையா முகம் வெளுத்து முன்னால் வந்தார்.

"அரச உடைமை காணாமல் போயிருக்கிறது" என்றார் றிச்சர்ட் சேர். "இந்த லயத்தின் பின்பக்கத்தைச் சோதனை போட வேண்டும்."

அந்தத் தகரம் போனால் பிள்ளை மறுபடியும் குடைக்குக் கீழே. பின்னாலிருந்து மீனம்மா என் கையில் எதையோ திணித்தாள். அடுப்புக்கு மேலே இருந்த பிளாஸ்டிக் பை.

"எந்தப் பின்பக்கம்ங்க சேர்?" என்றேன்.

கடிதத்தை உத்தியோகத்தர்தான் வாங்கி வாசித்தார். சீலைத் தடவிப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், றிச்சர்ட் சேரைப் பார்த்தார். "சேர், இது உங்கட சைன்தானே? விசாரணையும் ஏற்கமாட்டோம் எண்டு போட்டிருக்கு. இல்லாத இடத்தைச் சோதிச்சதா நான் எப்பிடி எழுதுறது?"

"இருக்கிறது. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்!"

"இருக்கலாம் சேர். ஆனால் பதிவில இல்லையே."

கண்டாக்கையா ஓடிப்போய் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும் ஆபிஸிலிருந்து கொண்டுவந்து நீட்டினார். அந்த மனுஷனை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன், அன்றைக்கு எல்லாவற்றையும் மன்னித்தேன். உத்தியோகத்தர் முறைப்படி ரோட்டில் போய் நின்று லயத்தைப் பார்த்தார். ஆறு கதவு, ஆறு ஜன்னல், பச்சைத் தகரம். எல்லாம் சரியாக இருந்தது. 'விளம்பரப் பலகை காற்றில் போய்விட்டது' என்று எழுதி, அதற்குக் கீழே றிச்சர்ட் சேரிடமே கையெழுத்து வாங்கினார்.

அன்று பின்னேரம் நல்ல மழை. காம்பராவுக்குள் பேத்தி கட்டிலின் நடுவில் கைகாலை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மேலே தகரத்திலிருந்து மீனம்மா அத்தனை பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள், தலைகீழாக. 'தேறிவிட்டது' என்பது அடுப்புக்கு மேலே இருந்தது, நாடு சின்னராசா வீட்டுக்குப் போய்விட்டது. லோஜினி முதல் தடவையாகச் சிரித்தாள்.

தார் பிடிக்காத இரண்டு ஆணி ஓட்டையிலிருந்து மட்டும் கதவோரம் சொட்டுச் சொட்டாக விழுந்தது. நான் சட்டியைத் தேடினேன்.

"தண்ணிக்கு ரெண்டு" என்றாள் மீனம்மா. "கழிவுங்க, விடுங்க."